ஜெராக்ஸ் எடுக்கப் போன நேரத்தில்

பதினொன்றாம் வகுப்புச் சேர்க்கையை இந்த வருடம் இளம் ஆசிரியர்கள் உங்கள் மூன்று பேர் தலையிலும் கட்டிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். வாழ்த்துச் சொல்வதா ஆறுதல் சொல்வதா என்று யோசித்தேன். இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள். முப்பத்தோரு வருடம் கணக்கு டீச்சராக இருந்தவள் நான், அதில் பாதிக்கு மேல் அந்தச் சேர்க்கை மேசைக்குப் பின்னால்தான் உட்கார்ந்திருந்தேன். ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகியும் மே மாதம் வந்தால் கை துறுதுறு என்கிறது. சனிக்கிழமை அம்பாசமுத்திரத்தில் உங்களை நேரில் பார்க்கத்தான் போகிறேன். ஆனாலும் பேச ஆரம்பித்தால் நான் எங்கேயோ போய்விடுவேன் என்பது என்னோடு வேலை பார்த்த எல்லாருக்கும் தெரியும். அதனால் முக்கியமானதை முன்கூட்டியே எழுதி அனுப்புகிறேன்.

விண்ணப்பம், பதிவேடு, கம்ப்யூட்டரில் ஏற்றுவது, இதெல்லாம் ஒரு வாரத்தில் பழகிவிடும். பழகாதது ஒன்றுதான். பதினைந்து வயதுப் பிள்ளை ஒன்று எதிரே வந்து நிற்கும். அடுத்த இரண்டு வருடம் அது எதைப் படிக்க வேண்டும் என்று அஞ்சு நிமிடத்தில் எழுதிப் போட வேண்டும். பின்னால் நாற்பது பேர் வரிசையில் நின்று முனகுவார்கள். நமக்கோ பசிக்கும்.

முதலில் என் மானத்தை நானே வாங்கிக்கொள்கிறேன். பொறுப்பேற்ற முதல் வருடம் நான் வேலையை ரொம்பச் சுலபமாக்கி வைத்திருந்தேன். கணக்கு மார்க்கைப் பெரியதிலிருந்து சிறியது வரை வரிசையாக எழுதினேன். மேலே இருப்பவர்கள் கணக்கு உள்ள குரூப், நடுவில் இருப்பவர்கள் அறிவியல், கீழே காமர்ஸ். பிள்ளைகளைப் பார்க்கக்கூட வேண்டியதில்லை, பட்டியல் போதும் என்று பெருமையாகத் திரிந்தேன்.

அந்தப் பட்டியலில் முதலாவதாக இருந்தவள் வசந்தா. கணக்கில் தொண்ணூற்றொன்பது. அந்த ஒரு மார்க் எங்கே போனது என்று திருத்தியவர் மேல் எனக்குக் கோபம்கூட வந்தது. காலாண்டுத் தேர்வில் புத்தகக் கணக்கு ஒன்றையே கேட்டேன், எண்ணை மட்டும் ஏழுக்குப் பதில் ஒன்பது என்று மாற்றியிருந்தேன். வசந்தா முத்து முத்தாக எழுதியிருந்தாள். ஓரக்கோடு, அடிக்கோடு, ஒவ்வொரு படிக்கும் காரணம், எல்லாம் இருந்தது. விடை மட்டும் ஏழுக்கு வர வேண்டிய விடை. கேள்வியில் ஒன்பது இருப்பதை அவள் கவனிக்கவே இல்லை. மொத்தக் கணக்குப் புத்தகத்தையும் அந்தப் பிள்ளை மனப்பாடமாக வைத்திருந்தாள்.

நான் அவளைக் கூப்பிட்டு வகுப்பில் வைத்துத் திட்டினேன். திட்ட வேண்டியது என்னைத்தான் என்று தெரிய எனக்குக் கொஞ்ச காலம் ஆயிற்று. இரண்டு வருடம் அவளும் தவித்தாள், நானும் தவித்தேன், எப்படியோ கரையேறினாள். பிறகு தமிழ் படித்து, இன்று ஒரு பள்ளியில் ஜம்மென்று பாடம் நடத்துகிறாள். போன வருடம் ஒரு கல்யாண வீட்டில் பார்த்தபோது, "டீச்சர், உங்களப் பாத்தா இப்பவும் கணக்கு நோட்ட ஒளிக்கத் தோணுது" என்று சொல்லிவிட்டு என்னைக் கட்டிப்பிடித்துச் சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆனால் அன்று பந்தியில் எனக்குச் சாப்பாடு சரியாக இறங்கவில்லை.

அதோடு திருந்திவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். திருந்தவில்லை என்று காட்டிக்கொடுத்தவள் நஸ்ரின்.

எங்கள் பள்ளி ஆழ்வார்குறிச்சிப் பக்கத்தில் இருந்த அரசு உதவிபெறும் பெண்கள் பள்ளி. பிள்ளைகள் எத்தனையோ அதற்குத் தக்கபடிதான் ஆசிரியர் பணியிடம். எண்ணிக்கை குறைந்தால் ஒருவர் 'உபரி' ஆகி வேறு எங்கோ போக வேண்டியதுதான். அதனால் மே மாத வெயிலில் நாங்கள் எல்லாரும் குடையைப் பிடித்துக்கொண்டு ஊர் ஊராகப் போவோம். பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் நுழைந்து, "எங்க பள்ளிக்கு அனுப்புங்க" என்று கேட்போம். நாம் பிள்ளை பிடிக்க வருகிறவர்கள் என்று தெரிந்தே மோர் கொடுத்து உபசரிக்கிற ஊர்கள் நம் ஊர்கள். அப்படி ஒருநாள் பொட்டல்புதூரில் நஸ்ரின் வீட்டுக்குப் போனேன். வாப்பா துபாயில் ஒரு குடோனில் லாரி ஓட்டுகிறார். வீட்டில் உம்மாவும் அவளும்தான். பேசி முடித்து நான் கிளம்பியதும் பிள்ளை என்னைப் பஸ் ஏற்றிவிட ஸ்டாப்புக்குக் கூட வந்தாள்.

நாங்கள் போய்ச் சேர்வதற்கும் இரண்டு பஸ்கள் ஒன்றன் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு கிளம்புவதற்கும் சரியாக இருந்தது. நான் தலையில் கை வைத்தேன்.

"இனி இருவது நிமிசத்துக்கு ஒண்ணும் வராது டீச்சர்," என்றாள் நஸ்ரின். "பெரிய பஸ் இருவது நிமிசத்துக்கு ஒண்ணு. மினிபஸ் முப்பத்தஞ்சு நிமிசத்துக்கு ஒண்ணு. ரெண்டும் இப்பச் சேந்து போயிட்டு. மறுபடி இதே மாதிரி சேந்து வர ரெண்டு மணி இருவது நிமிசம் ஆவும்."

நான் மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நூற்று நாற்பது நிமிடம், சரிதான்.

"ரெண்டும் சேந்து வந்து யாருக்கு என்ன பிரயோசனம்?" என்று அவள் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனாள். "மினிபஸ்காரரு முப்பத்தஞ்ச நாப்பதாக்கிட்டு, முத வண்டிய பத்து நிமிசம் தள்ளி எடுத்தாருன்னா, ரெண்டும் ஒருநாளும் சேராது. நான் டிரைவர் மாமாட்டச் சொன்னேன். போ பிள்ள, போய்ப் படின்னுட்டாரு."

வெயிலில் நின்றபடி அதையும் சரிபார்த்தேன். உண்மையிலேயே ஒருநாளும் சேராது. எனக்குப் புல்லரித்துவிட்டது. கணக்கில் எவ்வளவு மார்க் என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு "அம்பத்திநாலு" என்றாள். விடையை மட்டும்தான் எழுதுவாளாம். "அதான் விடை தெரியுதே, பொறவு எதுக்கு டீச்சர் அவ்வளவு வரி?" என்று என்னிடமே கேட்டாள்.

அடுத்த இருபது நிமிடமும் நான் ஸ்டாப்பில் நிற்கவில்லை, மிதந்தேன். எங்கோ ஒளிந்து கிடந்த ஒரு கணக்குப் பிள்ளையை நான் கண்டுபிடித்துவிட்டேன். என் வகுப்பில் முதல் பெஞ்சில் அவளை உட்கார வைத்து, அடுத்த இரண்டு வருடமும் என்னென்ன சொல்லிக்கொடுப்பது என்றுகூடத் திட்டம் போட்டுவிட்டேன்.

சேர்க்கையின் கடைசி நாள் அவள் உம்மாவோடு வந்தாள். அன்று காலையே ஹெச்.எம். என்னிடம் கையை விரித்துவிட்டார். கணக்குப் பிரிவு நிலைக்க இன்னும் ஒரே ஒரு பிள்ளை வேண்டும். அந்த ஒரு பிள்ளை சேராவிட்டால் பிரிவு கலைந்துவிடும், உபரியாகப் போகிறவள் நான். ஆகவே நஸ்ரின் உள்ளே நுழைந்தபோது ஹெச்.எம். முகத்திலும் என் முகத்திலும் ஒரே வெளிச்சம். மார்க் குறைவென்றாலும் என் பொறுப்பில் சேர்த்துக்கொள்ளலாம் என்று ஏற்கெனவே பேசி வைத்திருந்தோம்.

உம்மா கையிலிருந்த போனில், ஸ்பீக்கரில், துபாயிலிருந்து வாப்பா.

"டீச்சர், உயிரியல் இருக்குத முதல் குரூப்பு போடுங்க. எம்பிள்ள டாக்டராவணும்."

"உங்க பிள்ளைக்கு மூளை கணக்குல ஓடுது. கணக்கும் கம்ப்யூட்டரும் உள்ள குரூப்தான் அவளுக்குச் சரி," என்றேன் நான்.

"கம்ப்யூட்டர வேலைக்குச் சேந்து படிச்சுக்கிடலாம் டீச்சர். டாக்டருக்கு அப்படி முடியாதுல்லா?"

நியாயமான கேள்விதான். ஆனால் நான் விடுவேனா? அவர் ஒன்று சொல்ல, நான் இரண்டு சொல்ல, அரைமணி நேரம் ஓடியது. உம்மா போனை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றி மாற்றி நின்றார். அடுத்த மேசையில் டிசி சரிபார்த்துக்கொண்டிருந்த தமிழய்யா கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி என்னைப் பார்த்தார்.

"ரெண்டு பேரும் நல்லாத்தான் கம்பு சுத்துதிய டீச்சர். நடுவுல ஒரு பிள்ள நிக்கி. அது வாயத் தொறந்து நான் பாக்கலியே."

சுருக்கென்றது. அவர் சொன்னதை மட்டும் அல்ல, சொன்ன நேரத்தையும் நான் இன்றுவரை நினைத்துக்கொள்கிறேன். மார்க் பட்டியலை நம்பி வசந்தாவைப் பார்க்காமல் விட்டவள், இப்போது என் சொந்தக் கண்டுபிடிப்பை நம்பி இவளைக் கேட்காமல் விட்டேன். வித்தியாசம் ஒன்றும் இல்லை.

ஆனால் உம்மாவும் போனும் பக்கத்தில் இருக்கும்போது பிள்ளை என்ன பேசும்? மார்க் லிஸ்டைப் புரட்டுவது போலப் பாவனை செய்தேன். "ஒரு ஜெராக்ஸ் குறையுதும்மா. எதுத்தாப்புல கடை இருக்கு, மெதுவா எடுத்துட்டு வாங்க," என்றேன். ஒரு ஜெராக்ஸும் குறையவில்லை. உம்மா கிளம்பினார், கையோடு வாப்பாவும் போனார்.

"இப்பச் சொல்லு. உனக்கு எது வேணும்?"

நஸ்ரின் வாசலை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். "கோவிச்சுக்கிடாதிய டீச்சர். எங்க மாமி மவ பிளஸ் டூ காமர்ஸ் படிக்கா. அவ வணிகக் கணிதப் புத்தகத்துல போக்குவரத்துக் கணக்குன்னு ஒரு பாடம் இருக்கு. எந்தக் குடோன்ல இருந்து எந்தக் கடைக்கு எவ்வளவு அனுப்பினா அலைச்சல் குறையும்னு கண்டுபிடிக்கணும். எனக்கு அதான் படிக்கணும். நீங்க சொல்லுத குரூப்பு புத்தகத்துல அது இல்ல. நான் ரெண்டு வருசத்துப் புத்தகமும் வாங்கிப் பொரட்டிப் பாத்துட்டேன்."

வணிகக் கணிதம்! அத்தனை வருடம் கணக்கு சொல்லிக்கொடுத்தவள் அந்தப் புத்தகத்தைத் திறந்துகூடப் பார்த்ததில்லை. காமர்ஸ் பிள்ளைகளுக்காகப் போனால் போகிறதென்று வைத்த கணக்கு என்பது என் நினைப்பு. பதினைந்து வயதுப் பிள்ளை நான்கு புத்தகங்களைப் புரட்டிப் பார்த்துத் தனக்கானதை எடுத்து வைத்திருக்கிறாள். அவளுக்கு வழிகாட்ட நான் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. அதைவிடச் சந்தோஷமாக இருந்தது.

சிக்கல் என்னவென்றால், எங்கள் பள்ளியில் காமர்ஸ் உண்டு, வணிகக் கணிதம் கிடையாது. அது அம்பாசமுத்திரத்தில் ஒரு பள்ளியில்தான் இருந்தது.

எனக்கு அன்று என்ன தோன்றியது என்று மறைக்காமல் சொல்கிறேன். இரண்டு நிமிடம் பேசினால் போதும், அவள் மனதை மாற்றிவிடலாம். 'கணக்கு எங்கே படித்தாலும் கணக்குதான், அந்தப் பாடத்தை நானே உனக்குத் தனியாகச் சொல்லித்தருகிறேன்' என்றால் நம்பியிருப்பாள். பிரிவு நிலைக்கும், நான் இருந்த இடத்திலேயே இருப்பேன், யாரும் என்னைக் குறை சொல்லப்போவதில்லை. வாயில் அந்த வார்த்தைகள் தயாராகவே இருந்தன. அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். விண்ணப்பத்தை மடித்து அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்தேன்.

"உனக்கு வேண்டியது இங்க இல்ல. அம்பாசமுத்திரத்துல இருக்கு. வா, போவோம்."

அரைநாள் லீவு எழுதிக் கொடுக்கப் போனபோது ஹெச்.எம். நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டார். "வீடு வீடாப் போயிப் பிள்ளையக் கூட்டிட்டு வருத டீச்சரப் பாத்திருக்கேன். வந்த பிள்ளையக் கையப் புடிச்சு அடுத்த பள்ளில கொண்டுபோயி விடுத டீச்சர இப்பத்தான் பாக்கேன். உபரின்னு பேரு வந்தா எங்கிட்ட வந்து அழக்கூடாது, சொல்லிட்டேன்!" என்றார். அழமாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஜெராக்ஸோடு திரும்பிய உம்மாவிடம் விவரம் சொல்லி, போனை வாங்கி வாப்பாவிடம் நானே பேசினேன். இந்த முறை கம்பு சுற்றவில்லை. பஸ் ஸ்டாப்பில் நடந்ததைச் சொன்னேன். அவள் படிக்க ஆசைப்படுகிற பாடம் என்ன என்று, குடோனையும் கடையையும் வைத்து விளக்கினேன்.

"டீச்சர்," என்றார். "இங்கன குடோன்ல ஒரு ஆளு இருக்காரு. ஏசி ரூம்புல உக்காந்து, எந்த லாரி எங்க போணும்னு அவருதான் கணக்குப் போடுவாரு. அவரு சொல்லுத இடத்துக்குத்தான் நான் பன்னெண்டு வருசமா வண்டி ஓட்டுதேன். எம்பிள்ள அந்த நாக்காலில உக்காரணும்னா கேக்கா?"

"அதைத்தான் கேக்குறா."

"அப்பச் சரி," என்றார். "அந்த ஆளு தப்புக் கணக்குப் போட்டு எத்தனை நாளு எங்கள ஊரச் சுத்த விட்டிருக்காரு தெரியுமா? அவளயாவது ஒழுங்காப் போடச் சொல்லுங்க." உம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

அம்பாசமுத்திரத்துப் பள்ளியில் சேர்க்கையைக் கவனித்தவர் ஒரு காமர்ஸ் ஆசிரியர். அங்கே எல்லாரும் அவரை அண்ணாச்சி என்றார்கள். மார்க் லிஸ்டைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். வணிகக் கணிதத்துக்கு அறுபது வேண்டும் என்பது அவர்கள் பள்ளி வழக்கம். "ஆறு மார்க்கு குறையுதே டீச்சர். நான் என்ன செய்ய?"

நான் வாதாட வாயைத் திறந்தேன். நஸ்ரினோ எங்கள் இருவரையும் கவனிக்காமல், வராந்தாவில் நின்ற வரிசைகளையும் சுவர்க் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டத்தான் திரும்பினேன். நல்லவேளையாகக் கேட்டுவிட்டேன்: "அங்க என்ன பாக்க?"

"இல்ல டீச்சர், இங்க ரெண்டு மேசை போட்டிருக்காவ. சாரு மேசைல ஒரு பிள்ளைக்கு நாலு நிமிசம் ஆவுது. அந்த டீச்சர் புதுசு போல, அவங்களுக்கு ஆறு நிமிசம் ஆவுது. ஆனா வரிசைய பத்துப் பத்தாப் பிரிச்சு நிறுத்திருக்காவ. அதனால அந்த வரிசை முடிய ஒரு மணி நேரம் ஆவும். அங்க இருந்து ரெண்டு பேர இங்க மாத்தி நிறுத்தினா, ரெண்டு மேசையும் ஒண்ணா நாப்பத்தெட்டு நிமிசத்துல முடிஞ்சிரும்."

அண்ணாச்சி பேனாவைக் கீழே வைத்தார். விரலை மடக்கி ஏதோ எண்ணினார். பிறகு எழுந்து போய் அந்த வரிசையின் கடைசியில் நின்ற இரண்டு பிள்ளைகளை இந்தப் பக்கம் வரச் சொன்னார். திரும்பி வந்து உட்கார்ந்து, "ஏட்டி, இவ்வளவு தெரிஞ்சவ எதுக்கு அம்பத்திநாலு வாங்குன?" என்றார்.

"ஸ்டெப் எழுதமாட்டேன் சார்."

"இங்க எழுதணும்."

"எழுதுதேன் சார்."

அவ்வளவுதான் நேர்முகத் தேர்வு. தலைமையாசிரியரிடம் அவரே போய்ப் பேசிக் கையெழுத்து வாங்கி வந்தார். நஸ்ரின் அந்த ரசீதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாளே, அந்தச் சிரிப்புக்காக நான் இன்னும் பத்து வருடம் உபரியாகவே இருந்திருப்பேன்.

ஆனால் அதற்கு அவசியம் ஏற்படவில்லை. சேர்க்கையை ஒரு வாரம் நீட்டித்தார்கள். அந்த வாரத்தில் பொட்டல்புதூரிலிருந்து இரண்டு பிள்ளைகள் எங்கள் பள்ளி வாசலில் வந்து நின்றார்கள். நஸ்ரினின் உம்மா தெரு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார், 'அந்த டீச்சர் பிள்ளையக் கேட்டுத்தான் போடுவாவ' என்று. அதில் ஒருத்தி என் மேசைக்கு முன்னால் வந்ததுமே, "என்னைய எந்தப் பள்ளிக்கு அனுப்பப் போறிய டீச்சர்?" என்று கேட்டாள். தமிழய்யா மேசையில் தலையைக் கவிழ்த்துச் சிரித்தார். அவளைக் கேட்டேன், கணக்குதான் வேண்டும் என்றாள். அவளோடு எங்கள் பிரிவும் நிலைத்தது. அடுத்த வருடம் சேர்க்கை தொடங்கிய அன்று காலையில் ஹெச்.எம். என் மேசைப் பக்கம் வந்து, "ஜெராக்ஸ் கடைய இன்னும் கொஞ்சம் தூரமாப் பாத்துச் சொல்லுங்க டீச்சர். எதுத்தாப்புல இருந்தா சீக்கிரம் வந்துருதாவ," என்றார்.

ஆகவே எந்தக் குரூப் யாருக்கு என்று என்னிடம் பட்டியல் கேட்காதீர்கள், என்னிடம் இல்லை. மார்க்கைப் பாருங்கள், பிள்ளை எப்படி யோசிக்கிறது என்றும் பாருங்கள். வீட்டார் சொல்வதை மரியாதையாகக் கேளுங்கள், அவர்கள் ஆசையிலும் ஒரு காரணம் இருக்கும். எல்லாம் முடிந்தபின் அவர்களை ஒரு ஜெராக்ஸுக்கு அனுப்பிவிட்டுப் பிள்ளையைக் கேளுங்கள். அது சொல்வது உங்கள் பள்ளியில் இல்லையென்றால், இருக்கும் இடத்தைச் சொல்லிவிடுங்கள். எல்லாப் பிள்ளையும் நஸ்ரின் மாதிரிப் பளிச்சென்று சொல்லாது. 'தெரியல டீச்சர்' என்று சொல்கிறவர்கள்தான் அதிகம். அவர்களுக்கு இன்னொரு ஜெராக்ஸ் தேவைப்படும்.

நஸ்ரின் புள்ளியியல் படித்துவிட்டு, போன வருடம் திருநெல்வேலியில் ஒரு சரக்குப் போக்குவரத்துக் கம்பெனியில் சேர்ந்துவிட்டாள். எந்த லாரி எங்கே போக வேண்டும் என்று கணக்குப் போடுகிற வேலை. துபாயை முடித்துக்கொண்டு வந்துவிட்ட வாப்பா, முதல் நாள் அவளை அங்கே கொண்டுபோய் விட்டு, அவள் உட்காரும் நாற்காலியைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவேன் என்று ஒற்றைக் காலில் நின்றாராம்.

சனிக்கிழமை உங்களைப் பார்க்க வர வேண்டும் என்றதும் நான் நேற்று அவளுக்குத்தான் போன் போட்டேன். இப்போது நான் இருப்பது தச்சநல்லூரில். அங்கிருந்து அம்பாசமுத்திரத்துக்கு எப்படி வருவது என்று அவளைவிட யாரைக் கேட்பது? "சீக்கிரமாப் போற பஸ் எதும்மா?" என்றேன்.

"சீக்கிரமாப் போணும்னு யாரு சொன்னா டீச்சர்?" என்றாள். "எத்தனை மணிக்கு அங்க நிக்கணும், முட்டி வலி எப்படி இருக்கு, வழியில இறங்கி மாறுவியளா, உங்களுக்கு என்ன வேணும்? முதல்ல அதச் சொல்லுங்க. பஸ்ஸப் பொறவு பாப்போம்."

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். முட்டி வலியைச் சொன்னேன், நடுவில் இறங்கி மாற முடியாது என்றேன், ஜன்னலோரம் வேண்டும், போகிற வழியில் ஆற்றைப் பார்த்துக்கொண்டே வர வேண்டும் என்பது வரை சொன்னேன். அந்தப் பக்கம் அவள் எழுதிக்கொள்கிற சத்தம் கேட்டது. சனிக்கிழமை சரியாகப் பத்து மணிக்கு வந்துவிடுவேன், வாசலில் யாராவது ஒருவர் நில்லுங்கள்.